லேத் மேஸ்திரி இறால் உரிக்கிறார்

நேற்று ராத்திரி மஹாச்சாயிலிருந்து எங்கள் பட்டறையின் பழைய லேத் மேஸ்திரி வீடியோவில் வந்தார். தலையில் வலைத்தொப்பி, கையில் ரப்பர் உறை. "தங்கச்சி, நைட் ஷிப்ட். பத்து நிமிசம்தான் விடுவாங்க" என்றார். இருபத்தெட்டு வருஷம் இரும்பு கடைந்த கை இப்போது தாய்லாந்தில் இறால் உரிக்கிறது.

இதை எழுதக் காரணம் அவர் இல்லை. போன வாரம் இங்கே பர்மாவின் மோல்மீனில் கோயில் பந்தியில் ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "மோல்மீன்ல வேலை இருக்கு, செய்யத்தான் ஆள் இல்ல. பசங்களுக்கு உடம்பு வளையல." நாலு பேர் தலையாட்டினார்கள். இலையில் பாயசம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

மாமாவின் பட்டறையில் சம்பள நோட்டு எழுதுவது நான். அரிசி மில் சாமான்கள் ரிப்பேர், படகு எஞ்சின் ஷாப்ட், ரப்பர் ஷீட் அழுத்தும் உருளை என்று ஆற்றோரத்து வேலை எல்லாம் வரும். 2018இல் பதின்மூன்று பேர் இருந்தோம். இன்று ஆறு பேர். நோட்டைப் புரட்டினால் ஊரின் கதை தெரிகிறது.

அரசாங்கக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். குறைந்தபட்சக் கூலி 2015 செப்டம்பரில் நாளுக்கு 3,600 கியாட் என்று வந்தது. 2018இல் 4,800. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும் என்பது சட்டம். பார்க்கவில்லை. 2023 அக்டோபரில் 1,000 கியாட் அலவன்ஸ், 2024 ஆகஸ்டில் இன்னொரு 1,000 என்று மேலே ஒட்டுப் போட்டார்கள். அப்போது மொத்தம் 6,800. அடிக்கூலி அதே 4,800.

கியாட்டில் பார்த்தால் ஏற்றம். நான் அரிசியில் பார்ப்பேன். பியி என்றால் எட்டு பால்டின், நம் வீடுகளில் இன்னும் அந்த அளவுதான். 2018இல் எங்கள் வீட்டில் வாங்கிய மட்ட அரிசி பியி ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ஒரு நாள் கூலிக்கு நாலரை பியிக்கு மேல் வரும். 2024இல் அதே அரிசி நாலாயிரத்தை ஒட்டிப் போனது. 6,800க்கு ரெண்டு பியி கூடத் தேறாது. ஒரு நாள் முழுக்க நின்று உழைத்தவன் பாதி அரிசியும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறான். இதில் எண்ணெய், மீன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுவும் சேரவில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சட்டம் பத்து பேருக்குக் குறைவான இடங்களுக்குச் செல்லாது. ஆட்கள் போகப் போக எங்கள் பட்டறை தானாகவே சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது! நாங்கள் அதைவிடக் கூடவே கொடுக்கிறோம், அது வேறு. ஆனால் ஊரில் பாதிப் பட்டறை இப்படித்தான் சுருங்கிக் கிடக்கிறது. யாருக்காக அந்தச் சட்டம் என்று தெரியவில்லை.

சரி, எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. 2018இல் லேத் மேஸ்திரிக்கு நாள்கூலி 12,000, எடுபிடிப் பையனுக்கு 5,000. இன்று மேஸ்திரி வேலைக்கு 22,000, பையனுக்கு 12,000. பையனுக்கு ரெண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மேஸ்திரிக்கு ரெண்டு மடங்கு கூட இல்லை. பையன்களைப் பிடித்து வைக்கக் கூலியை ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவன் எந்த நேரமும் தாய்லாந்து எல்லைக்குப் போகும் மியாவடி பஸ் ஏறலாம். வயசான மேஸ்திரி எங்கே போகப்போகிறார் என்று முதலாளிகள் நினைத்தார்கள். என் மாமாவும்தான் நினைத்தார். (மாமா இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

அவர் போனார். 2024 கணக்குப்படி மஹாச்சாய் இருக்கும் மாவட்டத்தில் குறைந்தபட்சக் கூலி 363 பாட். வெளிச்சந்தையில் ஒரு பாட் நூறு கியாட்டைத் தாண்டிய பிறகு அது 36,000 கியாட்டுக்கு மேல். ரூம் வாடகை, வேலை அனுமதிக் கார்டு செலவு, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் எல்லாம் கழித்தாலும் இங்கே கடைந்ததைவிட அங்கே உரித்தது மிஞ்சுகிறது. கைத்தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே விலை. அந்த விலையே இங்கே தொழில் தெரிந்தவன் விலையைவிட அதிகம் என்றால் எந்தத் தகப்பன் மகனை லேத்தில் நிறுத்துவான்?

பையன்கள் போன கதை தனி. 2024 பிப்ரவரியில் 18 வயசு முதல் 35 வரை ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவிப்பு வந்தது. ரெண்டு மாதத்துக்குள் எங்கள் பட்டறையில் நாலு பேர் இல்லை. மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுவதையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று நான் எழுத வேண்டாம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் கேட்க நினைத்தது ஒன்று உண்டு. உங்கள் பாட்டனார் ஏன் கப்பல் ஏறினார்? ஊரில் வயல் இருந்தது, வேலையும் இருந்தது, கூலிதான் இல்லை. ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்தார், பாட்டனார் கடல் தாண்டி இந்த மோல்மீன் கரையில் மூட்டை தூக்கவும் மரம் அறுக்கவும் வந்தார். அப்போது பணம் இங்கேயிருந்து உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலமாகக் கைமாறும் வழியில், தமிழ்நாட்டுக்குப் போனது. இப்போது மஹாச்சாயிலிருந்து மோல்மீனுக்கு வருகிறது. பர்மாக்காரர்களும் அதை "ஹுண்டி" என்றே சொல்கிறார்கள், நம் செட்டியார்களும் புழங்கிய சொல். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பாத்தியத்தில் கால் பங்கை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023இல் உத்தரவு வந்தது. பாட்டுக்கு வங்கி தரும் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள தூரம் தெரிந்தவர்கள் அதை எவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு மில்காரர் ஷாப்ட் கொண்டுவந்தார். புதுப் பையன் நல்லாத்தான் கடைந்தான். அளவுகோலில் சரியாகக் காட்டியது. பழைய மேஸ்திரியாக இருந்தால் கடைசியில் கட்டைவிரல் நகத்தை ஷாப்ட் நெடுக மெல்ல இழுத்துப் பார்ப்பார். எங்காவது நகம் தடுக்கினால் மறுபடி ஏற்றுவார். பையனுக்கு அது யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று நாளில் பேரிங் சூடாகி ஷாப்ட் திரும்பி வந்தது. மில்காரர் அதை ரங்கூனுக்கு அனுப்பினார். பாதையில் சண்டை, லாரி நின்றது, பன்னிரண்டு நாள். அறுவடை நேரத்தில் பன்னிரண்டு நாள் மில் நின்றால் எவ்வளவு என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

நான் மாமாவோடு சண்டை போட்டு ஒன்று மட்டும் செய்ய வைத்தேன். மிச்சம் இருக்கும் கடைசலாளுக்கு மாதம் அரை மூட்டை அரிசி, சம்பளத்துக்கு மேல், பணமாக இல்லாமல் அரிசியாகவே. கியாட் எங்கே போனாலும் அந்த அரை மூட்டை அரை மூட்டைதான். அவர் இன்னும் இருக்கிறார். மற்ற முதலாளிகளும் இதைச் செய்து பார்க்கலாம், பந்தியில் பேசுவதைவிடச் செலவு கொஞ்சம் கூடும்.

போனை வைக்கும் முன் மேஸ்திரி கேட்டார்: "லேத் பெட்டுக்கு எண்ணெய் விடுறீங்களா தங்கச்சி? மழை ஆரம்பிச்சிருக்கும், துரு ஏறிடும்."

"விடுறோம்ணே" என்றேன்.

காலையில் பட்டறை திறந்ததும் முதல் வேலையாக எண்ணெய்க் கேனைத் தேடினேன்.