பேய்கள் கண்டபடி ஓடவில்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். கடைசிவரை பார்த்துவிட்டேன். அதில் ஒருவர் ரீவைண்ட் வசதியை வைத்துக்கொண்டு பேக்-மேன் விளையாடுகிறார். சந்துகளில் புள்ளிகளைத் தின்றபடி நான்கு பேய்களிடமிருந்து தப்பும் பழைய வீடியோ விளையாட்டு அது. பேய் பிடிக்கும்போதெல்லாம் சில நொடி பின்னால் போய்த் தப்பித்துக்கொள்கிறார். முடிவில், “இதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் அதிர்ஷ்டம், பேய்கள் கண்டபடி ஓடுகின்றன” என்று தீர்ப்பு. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். என் நண்பர்கள் சிலரும் அதில் இருக்கிறீர்கள்.

கண்டபடி ஓடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

1980இல் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி உருவாக்கிய அந்த விளையாட்டில் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு பிளிங்கி நேராக உங்களைத் துரத்தும். பிங்கி நீங்கள் போகும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும். இங்கியோ, பிளிங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் குறிவைக்கும். கிளைட் தூரத்தில் இருந்தால் துரத்தும்; 8 கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். முதல் லெவலில் பேய்கள் எல்லாம் 7 நொடி தங்கள் மூலைக்கு ஒதுங்கும், அப்புறம் 20 நொடி துரத்தும். ஒதுங்குவதிலிருந்து துரத்துவதற்கு மாறும்போது எல்லாம் சட்டென்று திசை திருப்பும். கவனித்துப் பார்ப்பவருக்கு அது ஒரு எச்சரிக்கை மணி.

பிங்கி நேருக்கு நேர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி ஓடத்தான் கை துடிக்கும். ஓடாமல் அதை நோக்கியே போனால், அதன் குறி அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிடும். பேய்களால் நினைத்த இடத்தில் பின்னால் திரும்ப முடியாது. அதனால் இடையில் ஒரு சந்திப்பு இருந்தால், பிங்கி பெரும்பாலும் அங்கே பக்கவாட்டில் விலகிப் போய்விடும். முதல் தடவை இது கைகூடியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் புதிய விளையாட்டும் தரவில்லை. அந்த வீடியோக்காரருக்கு அந்த இடம் வரவே வராது. பிங்கி தொட்டதும் அவர் பின்னால் போய்விட்டார், அது ஏன் தொட்டது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

“நீலமாகும்போது தாறுமாறாகத்தானே ஓடுகின்றன?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. பெரிய புள்ளியைத் தின்றால் பேய்கள் கொஞ்ச நேரம் நீலமாகும்; அப்போது நாம் அவற்றைப் பிடிக்கலாம். ஆனால் அந்தத் தாறுமாறும் ஒரு எண்வரிசையிலிருந்து வருவது. ஒவ்வொரு லெவல் தொடங்கும்போதும், ஒவ்வொரு உயிர் போன பிறகும் அந்த வரிசை முதலிலிருந்து தொடங்கும். ஒரே மாதிரி விளையாடினால் பேய்களும் ஒரே மாதிரி ஓடும். அதனால்தான் பாதையை மனப்பாடம் செய்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்றால் அதை மனப்பாடம் செய்ய முடியுமா?

செத்தால் அது நம் தப்பு. காசு போட்டு ஆடும் நல்ல ஆர்கேட் விளையாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தோற்ற அடுத்த நொடியே “அந்தத் திருப்பத்தில் இடதுபக்கம் போயிருக்கணும்” என்று தெரிந்துவிட வேண்டும். தெரிந்தால்தான் மறுபடி விளையாடத் தோன்றும்.

“காசு பிடுங்கச் செய்த இயந்திரத்துக்கு இவ்வளவு தத்துவமா?” ஆமாம், காசுக்காகச் செய்ததுதான். யார் மறுத்தார்கள்? சீக்கிரம் தோற்க வேண்டும், ஆனாலும் மறுபடி ஆட வேண்டும். கடைக்காரருக்கு இரண்டும் தேவை. இயந்திரம் ஏமாற்றிவிட்டது என்று தோன்றினால் இரண்டாவது காசை யார் போடுவார்கள்? நியாயமாகத் தோற்கடித்தாக வேண்டிய கட்டாயம் அந்தக் காசினால்தான் வந்தது.

1978இல் தொமோஹிரோ நிஷிகாடோ செய்த, விண்வெளி எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸையே பாருங்கள். 55 எதிரிகள். சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமாக நகரும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய, அந்தக் காலத்துச் செயலிக்கு வேலை குறைந்து வேகம் கூடியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க விளையாட்டு கடினமாகிறது. பின்னணியில் திரும்பத் திரும்ப வரும் நான்கு ஒலிகளும் இதயத்துடிப்பு மாதிரி வேகமெடுக்கும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

எனக்கு இதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அக்கா. கேலகா என்ற விண்கப்பல் சண்டை விளையாட்டை ஆடும்போது, கப்பலைப் பிடித்து இழுக்கும் எதிரியின் ஒளிக்கற்றையில் வேண்டுமென்றே தன் கப்பலைக் கொண்டுபோய் விட்டாள். நான் கத்தினேன். “சும்மா பாரு” என்றாள். ஒரு உயிர் போயிற்று. பிடித்த எதிரி அவள் கப்பலையும் கூட்டிக்கொண்டு பாய்ந்து இறங்கும்போது, கப்பலின்மேல் படாமல் அந்த எதிரியை மட்டும் குறிபார்த்துச் சுட்டாள். கப்பல் திரும்பி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு கப்பல், இரண்டு மடங்கு சுடலாம். ஆனால் அடிபடும் அகலமும் இரண்டு மடங்கு. கை தவறியிருந்தால் அந்த உயிர் போனது போனதுதான். அவள் அப்போது மூச்சே விடவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரீவைண்ட் பொத்தான் இருந்திருந்தால் அங்கே மூச்சைப் பிடிக்க என்ன இருக்கிறது?

“நேரமில்லாதவர்கள் ரீவைண்ட் வைத்து விளையாடக் கூடாதா?” தாராளமாக விளையாடுங்கள். அது உங்கள் விருப்பம். விளையாடிவிட்டு, விளையாட்டில் ஒன்றுமில்லை என்று ஊருக்குச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

“பழைய நினைப்பில் பேசுகிறாய்” என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. அக்கா மகளுக்கு எந்தப் பழைய நினைப்பும் கிடையாது. போன விடுமுறையில் பேக்-மேனை முதல் தடவை பார்த்தாள். தோற்றதும், “நான்தான் அவசரப்பட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது, இத்தனை பேர் கைதட்டிய வீடியோக்காரருக்குப் புரியவில்லை.

உண்மையில் என்னைக் குத்தியது அவர் கடைசியாகச் சொன்னதுதான். இதற்கெல்லாம் உட்கார்ந்தவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்களாம். 255 லெவலிலும் ஒரு உயிர்கூடப் போகாமல், ஒரு புள்ளி, ஒரு பழம், ஒரு நீலப் பேயைக்கூட விடாமல், 256ஆவதில் நிரல் பிழையால் பாதித் திரை குழம்பிப் போகும்வரை ஆடி 33,33,360 ஸ்கோர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமைக்கு இதுதான் மரியாதையா? எங்கள் அக்கா மாதிரிச் சும்மா ஆசைக்கு விளையாடியவர்களை எதற்கு இழுக்க வேண்டும்? அவளும் அந்த வீடியோவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

ஐந்தாவது லெவலில் பேய்கள் நீலமாக இருப்பது வெறும் 2 நொடி. ரீவைண்டை அணைத்துவிட்டு, அந்த 2 நொடியில் நான்கையும் பிடித்துக் காட்டட்டும். வேலைவெட்டி இல்லாதவர் யார் என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.