சனிக்கிழமை பாதியில் நின்ற ரன்மா

சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலையில் ஒருவர் 'அக்கா இன்னுமா மன்னிப்புக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கிற காரியம் எதையும் நான் செய்யவில்லை. 1989-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த 'ரன்மா ½' என்கிற அனிமே, அதாவது கார்ட்டூன் தொடரின் முதல் பகுதியைக் கூடத்தில் திரை கட்டிப் போட்டேன். பச்சைத் தண்ணீர் பட்டால் பெண்ணாகவும் வெந்நீர் பட்டால் திரும்ப ஆணாகவும் மாறுகிற சாபம் பிடித்த ரன்மா என்கிற பையனின் கதை அது. குளியலறைக் காட்சி வந்ததும் ஒரு தம்பி எழுந்துபோய் விளக்கைப் போட்டார். இது திருநங்கைகளைக் கேலி செய்கிற படம், இங்கே போடுவதே அசிங்கம் என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். படம் நின்றுபோனது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ரன்மாவில் சிரிப்பு ரன்மா மேல் விழவில்லை, ரன்மாவைப் பார்க்கிறவர்கள் மேல் விழுகிறது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை கொட்டுகிறது. டெண்டோ வீட்டில் அப்பா தன் மூன்று பெண்களையும் உட்காரவைத்து, நண்பனின் மகன் வருகிறான், உங்களில் ஒருத்திக்கு அவனைத்தான் பேசி முடித்திருக்கிறேன் என்கிறார். வந்து நிற்பதோ ஒரு பாண்டா கரடி, அதன் தோளில் ஒரு பெண். வரப்போகிற மாப்பிள்ளை என்று நினைத்து ஆசையாகக் கட்டிப்பிடித்தவருக்கு, மார்பு தட்டுப்பட்டதும் உயிரே போய்விடுகிறது. வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது கடைசிப் பெண் அகானே மட்டும் வந்து, நாம் சிநேகிதிகளாக இருக்கலாமா என்று கேட்கிறாள். இரண்டு பேரும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கைகலந்து பார்க்கிறார்கள். ரன்மா சுலபமாக ஜெயிக்க, அகானே சிரித்துக்கொண்டே, நல்ல வேளை நீ பெண், ஒரு ஆணிடம் தோற்றிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது என்கிறாள். அப்புறம்தான் குளியலறை. வெந்நீர் பட்டு ரன்மா ஆணாகி எழுந்து நிற்கிறான், அகானே கதவைத் திறக்கிறாள், கதை தலைகீழாகிறது. கொஞ்ச நேரம் முன்னால் சிநேகிதி, இப்போது பொறுக்கி. நடுவில் அந்த ஆள் என்ன தப்பு செய்தது? ஒன்றுமே இல்லை. வெந்நீரில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார், இந்தக் கதையைக் காமிக்ஸாக வரைந்த ருமிகோ தகாஹாஷி? சரியாக அந்த இடத்தில்தான் விளக்கைப் போட்டார்கள்.

குனோவை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்து கெண்டோ (மூங்கில் வாள் சண்டை) அணித் தலைவன். அகானேவோடு பழக ஆசைப்படுகிறவன் முதலில் சண்டையில் அவளை ஜெயிக்க வேண்டும் என்று இவன் பேசிவைத்த பேச்சால், தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு கூட்டம் அந்தப் பெண் மேல் பாய்கிறது, அவள் அத்தனை பேரையும் அடித்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். பையனாக இருக்கிற ரன்மாவை ஒழித்துக்கட்டியே தீருவேன் என்கிற அதே குனோ, பெண்ணாக இருக்கிற ரன்மாவிடம் அடி வாங்கிவிட்டு ஜடை போட்ட பெண்ணே என்று உருகுகிறான். இரண்டும் ஒரே ஆள் என்பது அவன் மண்டையில் ஏறுவதே இல்லை, கண்ணெதிரே மாறினாலும் ஏறாது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி என்று அவ்வளவு உறுதியாக இருக்கிற ஒருவனை முட்டாளாக்கி முட்டாளாக்கி 38 தொகுதிகள் வரைந்திருக்கிறார் ஒரு பெண். அதுவும் பையன்களுக்கான வார இதழில், 1987-லிருந்து 1996 வரை. இதைப் போய் பெண்ணாக மாறியவனைப் பார்த்துச் சிரிக்கிற கதை என்று சொல்லிவிட்டால் எப்படி?

இன்னொன்று கேளுங்கள், சப்டைட்டிலில் படித்தால் இது பிடிபடாது, காதால் கேட்க வேண்டும். ஜப்பானிய மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள் உண்டு. 'ஓரே' என்பது ஆண்கள் சொல்கிற முரட்டு 'நான்', பெண்கள் சாதாரணமாக அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரன்மா பையனாக இருக்கும்போது கப்பெய் யமகுச்சியின் குரல், பெண்ணாக இருக்கும்போது மெகுமி ஹயாஷிபாராவின் குரல். குரல் மாறுகிறது, உயரம் மாறுகிறது, அனிமேயில் தலைமுடி நிறம்கூட மாறுகிறது. அந்த 'ஓரே' மட்டும் மாறுவதில்லை. ஹயாஷிபாராவின் தொண்டையிலிருந்து அந்தச் சொல் வருகிறபோது எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி ஆகும். 2024-ல் ரீமேக் எடுத்தபோது 35 வருடம் கழித்து அதே இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். முதல் பகுதியில் அந்தக் குரலைக் கேட்டதும் நான் அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் ரன்மாவை 'அவன்' என்று எழுதுவதற்கும் ஒருவர் சண்டைக்கு வந்தார். தமிழில் அவன், அவள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது, நம் மொழி அப்படி. ரன்மா எந்த உடம்பில் இருந்தாலும் 'நான் ஆண்' என்கிறான். ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதை மதிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இதை மட்டும் ஏன் மதிக்க மாட்டேன் என்கிறீர்கள்?

சரி, எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன்.

பெண்ணாவதைச் சாபம் என்று காட்டுகிறார்களே என்கிறீர்கள். ரன்மாவுக்குச் சாபம் பிடித்த இடமான ஜூசென்க்யோ ஊற்றுகளில் விழுந்தவர்கள் எல்லாரையும் பாருங்கள். ரன்மாவின் அப்பா பாண்டா ஆகிறார், ர்யோகா கறுப்புப் பன்றிக்குட்டி, ஷாம்பூ பூனை, மூஸ் வாத்து. அப்பாவுக்குப் பாண்டாவாக இருப்பது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏதாவது பிரச்சினை வந்தால் உடனே பாண்டாவாகி ஒளிந்துகொள்வார். ரன்மாவும் அப்படித்தான், பையனாக இருந்தால் வெட்கப்பட்டுத் தொடாத ஐஸ்கிரீமைப் பெண்ணாகிப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவான். அங்கே சாபம் பெண் உடம்பு இல்லை. போகிற வருகிற எவனும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி உன்னை மாற்றிவிடலாம், உன் இஷ்டம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் சாபம். இத்தனைக்கும் தகாஹாஷி, சமூகக் கருத்துச் சொல்ல இதை எழுதவில்லை, எளிமையான வேடிக்கையான யோசனையாகத் தோன்றியது என்றுதான் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் நினைக்காத கருத்தை நான் ஏற்றிச் சொல்லவில்லை. நினைக்காத குற்றத்தையும் நீங்கள் ஏற்றாதீர்கள்.

ஹப்போசாய் கிழவன் வருகிற காட்சிகளை நான் தாங்கிப் பேச மாட்டேன். உள்ளாடை திருடுவது, மேலே பாய்வது எல்லாம் அன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான், இன்றைக்கும் எரிச்சல்தான். அந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

இந்தக் கதைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1981-ல் ஹிசாஷி எகுச்சி வரைய ஆரம்பித்த காமிக்ஸில் வருகிற ஹிபாரி, தானே விரும்பிப் பெண்ணாக வாழ்கிற பிள்ளை, யாகுசா என்கிற ரவுடிக் கும்பல் வீட்டு வாரிசு. எவ்வளவு அழகு, எவ்வளவு தைரியம்! திருநங்கை வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் ஹிபாரியை வைத்துப் பேசுங்கள், நல்லதும் கெட்டதுமாக நிறைய இருக்கிறது. ரன்மாவுக்குக் கேட்காமல் வந்தது. தகாஹாஷியின் முந்தைய தொடரான 'உருசேய் யாட்சுரா'வில் ர்யூனோசுகே என்று ஒரு பெண் வருகிறாள். கடற்கரை டீக்கடைக்கு வாரிசாக மகன்தான் வேண்டும் என்று அவளுடைய அப்பா அவளைப் பையனாகவே வளர்க்கிறார். நான் பெண், நான் பெண் என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள், ஒரு மாலுமிக் காலர் சீருடை போட்டுக்கொள்ள ஏங்குவாள், அப்பா விட மாட்டார். ஒன்று ஆசை, ஒன்று சாபம், ஒன்று அப்பாவின் பிடிவாதம். மூன்றும் ஒன்றா?

ர்யூனோசுகே என்று எழுதும்போதே கை நின்றுவிடுகிறது. இதை இதுவரை இங்கே எழுதியதில்லை.

நான் மூன்றாவது பெண். எனக்குப் பிறகு பிள்ளை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் அப்பா என்னையே பையனாக வைத்துக்கொண்டார். கிராப்பு வெட்டி, அரைக்கால் சட்டை போட்டு, சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து தினமும் பட்டறைக்குக் கூட்டிப் போவார். 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். 'டேய், பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு.' கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன், எண்ணெய்க் கையோடு என் தலையைத் தட்டுவார். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பதிமூன்று வயதில் நான் பெரிய மனுஷி ஆனேன். உட்காரவைத்து அத்தைமார் எல்லாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், தாவணி கட்டிவிட்டார்கள். எல்லாம் முடிந்து ஒரு காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போய் சைக்கிள் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் பெடலைப் பார்த்துக்கொண்டு 'உள்ளே போம்மா' என்றார். போம்மா. அன்றைக்கு நின்ற 'டேய்' அதற்குப் பிறகு வரவே இல்லை.

எனக்குள்ளே ஒன்றும் மாறவில்லை. பதினாலாம் நம்பர் ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். என்னைப் பார்க்கிறவர்கள்தான் ஒரே வாரத்தில் மாறிப்போனார்கள். கல்லூரி விடுதியில், 2003-ல், யாரோ ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்கில் இருந்த ரன்மாவைப் பார்த்தபோது, தண்ணீர் ஊற்றின உடனே எல்லாரும் வேறு மாதிரிப் பேச ஆரம்பிக்கிற அந்த இடத்தில், அறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். ஒரு கெண்டி வெந்நீர் இருந்தால் போதும், திரும்பிவிடலாம் என்று ஒரு கதையில் இருக்கிறதே என்று எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.

சனிக்கிழமை வாசலில் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'நீங்கள் திருநங்கை இல்லை, உங்களுக்கு இது புரியாது.' இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் ரன்மாவில் தங்களைப் பார்த்ததாக எழுதியிருப்பதை எல்லாம் நானும் படித்திருக்கிறேன், படித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். தலையில் அடிபட்டு ரன்மா தன்னைப் பெண் என்றே நம்புகிற கதையைப் பற்றி அவர்கள் எழுதுவதைப் படித்த பிறகுதான் அந்தக் கதையின் வலி எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு அதில் இடம் உண்டு, யாரும் மறுக்கவில்லை. எனக்கு ஏன் இல்லை? அந்தத் தண்ணீர் என் மேலும் விழுந்தது.

எனக்கு ஆதரவாக வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்தில் எல்லாரும் சும்மா சிரித்துவிட்டுப் போனோம், இதில் ஏன் ஆண் பெண் அரசியலைக் கொண்டுவருகிறீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த ஆதரவை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஜப்பானில் 1629-ல் பெண்கள் காபுகி என்கிற மரபு நாடக மேடை ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள், பிறகு ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். 1914-லிருந்து தகரசுகா என்கிற ஊரின் நாடகக் குழுவில் பெண்களே ஆண் வேடம் கட்டி ஆடுகிறார்கள். அந்த ஊரில் வளர்ந்த காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாதான் 1953-ல், ஆண் வாரிசுக்குத்தான் பட்டம் என்கிற நாட்டில் இளவரசனாக வேடம் போடுகிற இளவரசியை வரைந்தார். அந்தக் கதைகள் எதுவும் 'சும்மா' இல்லை. ரன்மாவும் சும்மா இல்லை. விளக்கைப் போட்ட தம்பியாவது அதில் ஏதோ இருக்கிறது என்று கோபப்பட்டார். நீங்கள் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள், அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தத் தம்பி தப்பானவர் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை திரும்பவும் போடப்போகிறேன், பழைய தொடரின் கடைசி இரண்டு பகுதிகள். ரன்மாவின் அம்மா நொடோகா வருகிற கதை. மகனை ஆண்களில் ஆணாக வளர்த்துக் கொண்டுவருகிறேன், தவறினால் அப்பாவும் பிள்ளையும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவோம் என்று அப்பா எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த அம்மா கத்தியோடு மகனைத் தேடி வருகிறாள். பெண் உடம்பில் நிற்கிற ரன்மா, யாரோ ஒரு பெண்ணாக நடித்துக்கொண்டு பெற்ற அம்மாவின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அம்மா என்று கூப்பிட முடியாது. அதற்கும் சிரிப்பு வரும். வரும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

அந்தக் கூடத்தை இனிமேல் தர மாட்டார்களாம். பரவாயில்லை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி கட்டிப் போடுகிறேன், ஏழு மணிக்கு. அந்தத் தம்பியும் கட்டாயம் வர வேண்டும், முடிந்த பிறகு விடிய விடிய வேண்டுமானாலும் சண்டை போடலாம். மாடி விளக்கின் சுவிட்ச் கீழே கூடத்தில் இருக்கிறது, அங்கே அம்மாவை உட்காரவைத்துவிடுவேன்.