மாமாவின் காலுக்குள் இரண்டு சில்லுகள்

போன ஆவணியில் மாமாவை முதுகுவலிக்காக வேலூரில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அங்கிருந்த பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பேஸ்மேக்கர் இருக்கிறதா? இல்லை. பல்லில் கிளிப் போட்டிருக்கிறீர்களா? இல்லை. உடம்புக்குள் இரும்பு, ஸ்டீல் ஏதாவது?

"இரண்டு இருக்கிறது" என்றார் மாமா.

அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாமா வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வலது கெண்டைக்காலைத் திருப்பிக் காட்டினார். புளியங்கொட்டை அளவில் இரண்டு கருத்த தழும்புகள். மேலே இருப்பதை விரலால் அழுத்தினால் உள்ளே கெட்டியாக ஒன்று நழுவுவது தெரியும். சின்ன வயதில் அதை அழுத்திப் பார்ப்பதற்காகவே அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வரும் நாளுக்காக நாங்கள் காத்திருப்போம். யாழ்ப்பாணத்தில் பட்ட குண்டுச் சில்லு அது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். எங்கள் பாட்டிக்குத் தெரியும். தெரியாதது இந்திய அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்று சொல்லி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் "உலோகத் துண்டுகள், இரண்டு" என்று இருந்தது. மாமா அந்தத் தாளை நான்கு முறை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதுகுவலியைப் பற்றி அன்றைக்கு அவர் மறுபடி பேசவே இல்லை. காரணம் இதுதான்: அவருடைய ராணுவ மருத்துவக் குறிப்பில் அந்தக் காலுக்கு நேராக எழுதியிருப்பது, உடற்பயிற்சியின்போது தவறி விழுந்ததில் ஏற்பட்ட காயம் என்று.

எப்படி இப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படைப்பிரிவு என்று மட்டும் எழுத வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொந்த வீட்டைப் பற்றித் தெருவில் பேசுவது போலாகிவிடுமாம்.

1987 ஜூலை 29-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை என்ற பெயரில் அங்கே போன நம் ராணுவத்தினர் அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியிருந்தார்கள். மாமாவுக்கு அப்போது 22 வயது. கோப்பாய்க்குப் பக்கத்தில் முன்னால் போன லாரி கண்ணிவெடியில் சிக்கியது. அடிபட்டவர்களைத் தூக்க இவர் தன் லாரியிலிருந்து குதித்து ஓடியபோது இரண்டாவது வெடித்தது. முதலுதவி செய்த இடத்தில் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பெயரும் எண்ணும் என்ன காயம் என்பதும் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப் பொத்தானில் கட்டினார்கள். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்துப் போட்டார்கள். அவருடைய போர்க்காயத்துக்கான முதல் ஆவணம் ரத்தம் தோய்ந்த அந்தச் சட்டையோடு குப்பைக்குப் போனது. ஐந்து வாரம் கழித்து மறுபடி யாழ்ப்பாணம். ஆழத்தில் இருந்த இரண்டு சில்லுகளை எடுத்தால் நரம்பு போய்விடும் என்று விட்டுவிட்டார்களாம்.

1993-இல் வடக்கே ஒரு முகாமில் இருந்தபோது கால் வீங்கிவிட்டது. காயத்துக்கான அறிக்கை கேட்டார்கள். பழைய தாள் எதுவும் கையில் இல்லை. இலங்கையில் பட்டது என்று எழுதினால் நான்கு இடத்துக்குக் கடிதம் போட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், காலையில் பி.டி. எனும் உடற்பயிற்சியின்போது விழுந்ததாக எழுதினால் நாளைக்கே கையெழுத்தாகிவிடும் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அவரையும் குறை சொல்ல மாட்டேன். வேலையை முடிக்கப் பார்த்திருக்கிறார். மாமாவுக்கோ லீவு வேண்டும். ஊரில் அக்கா மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

அந்தக் காது என்னுடையது. ஆகவே இந்தப் பதிவு நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ராணுவத்தில் காயங்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எதிரியால் பட்டது ஒன்று, பணியின்போது வேறு விதத்தில் பட்டது இன்னொன்று. இரண்டுக்கும் ஓய்வூதியத்தில் தனித்தனிக் கணக்கு. முழு ஊனம் என்றால் சாதாரணப் பணிக்காயத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயத்தோடு தொடர்ந்து பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு அதுவே 60 சதவீதம். ஊனம் குறைவாக இருந்தால் அந்த விகிதத்தில் தொகையும் குறையும். மாமா ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்று போட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2014 டிசம்பர் தீர்ப்புக்குப் பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு அதை 50 என்று உயர்த்திக் கணக்கிட வழி வந்தது. நாலைந்து மனு போட்ட பிறகு இவருக்கும் கிடைத்தது. ஆக, "தவறி விழுந்தது" என்ற சொல் மாறினால் காயத்துக்காக வரும் தொகை இரட்டிப்பாகும்.

இதைச் சொன்னதும் உறவினர்களிலேயே சிலர், "அதானே பார்த்தேன், பணத்துக்குத்தானா" என்கிறார்கள். பணத்துக்கும்தான். அதில் என்ன வெட்கம்? காலில் இரும்போடு மலை ஏறியவனுக்கு அரசாங்கம் எழுதி வைத்திருக்கிற தொகை அது. பிச்சையில்லை. மிலிட்டரிக்காரருக்குக் கேன்டீன் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கும் அதே ஆட்கள்தான் கல்யாண வீட்டில் அவரிடம் இரண்டு பாட்டில் கிடைக்குமா என்று ஓரமாக அழைத்துக் கேட்கிறார்கள். அது போகட்டும்.

ஆனால் மாமா முதலில் கேட்பது பணத்தை அல்ல. எதிரியால் காயம்பட்டவர்களுக்கென்றே நம் ராணுவத்தில் ஒரு பதக்கம் இருக்கிறது. பராக்ரம் பதக் என்பார்கள். வெள்ளை நாடா, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. வெளிநாட்டில் பணியாற்றியதற்கான விதேஷ் சேவா பதக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. குடியரசு நாளன்று அதைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போவார். இலங்கைக்குப் போனதை அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. அங்கே காலில் பட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை காலம் கழித்து ஏன் கேட்கிறீர்கள் என்று எங்கள் மனுவுக்கு ஒரு முறை பதில் வந்தது. இந்தப் பதக்கமே 1973-இல் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் காயம்பட்டவர்களுக்குச் செல்லும் என்று வைத்தார்கள். இருபத்தாறு ஆண்டு பின்னால் போய்க் கொடுக்க அரசாங்கத்துக்கு மனம் இருந்திருக்கிறது. அப்படியானால் தாமதம் அரசாங்கத்தின் பக்கம் இருந்தால் அது பெருந்தன்மை, சிப்பாயின் பக்கம் இருந்தால் சந்தேகம் என்று ஆகிறது.

எக்ஸ்ரே அறிக்கையை இணைத்து அனுப்பினோம். உலோகம் இருப்பது உண்மை, அது எப்போது எங்கே உள்ளே போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் பம்ப்செட் ரிப்பேர் செய்யும்போதுகூடக் கெண்டைக்காலில் வெடிகுண்டுச் சில்லு ஏறுமோ என்னவோ.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முதலுதவி அட்டையை எழுதியது ராணுவம். விமானத்தில் ஏற்றிய பட்டியலை வைத்திருந்தது ராணுவம். ஐந்து வாரம் படுக்க வைத்த ஆஸ்பத்திரி ராணுவத்துடையது. தொலைந்த தாள் ஒவ்வொன்றும் அவர்களுடையது. அதைத் தேடிக் கொண்டுவர வேண்டியவர் மட்டும் பத்தாவது படித்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போன என் மாமா! சேரும்போது குறிப்பேட்டில் குறிக்கப்படாத உடல்நலக் கேடு பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை கேட்பவர்மேல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொன்னது. அது நோய் பற்றிய வழக்கு. ஆனால் நோய்க்குப் பொருந்துகிற நியாயம் காலுக்குள் உட்கார்ந்திருக்கிற இரும்புக்கு ஏன் பொருந்தக் கூடாது?

அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. இரண்டாம் உலகப் போரிலும் கொரியாவிலும் காயம்பட்டவர்கள் பலர், பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கேட்டு எண்பது, தொண்ணூறு வயதில் அலைந்தார்கள். அங்கேயும் இழுத்தடிப்பு உண்டு. ஆனாலும் தாள் இல்லாத இடத்தில், உடனிருந்து பார்த்தவர்கள் எழுதித் தரும் சாட்சியத்தை எடுத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாங்களும் இப்போது அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 1914-19 பெரும் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. கை கால் போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இல்லை. நினைவுச்சின்னங்கள் எல்லாமே அப்படித்தான். 2019-இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் இலங்கையில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசே ஒரு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறது. இலங்கையில் நாம் இழந்தது ஏறத்தாழ 1,200 பேர், கார்கிலில் 527. கார்கில் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1987-இல் வீட்டுக்கு வீடு டி.வி.யும் இல்லை, இருந்த டி.வி.க்கும் இதைக் காட்ட விருப்பமில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவில் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களின் மனநிலைதான் இருந்தது. எங்கள் தாத்தாவும் அதைச் சரி என்றுதான் சொன்னார், மகன் அந்தப் படையில் இருக்கும்போதே.

ஈழத்து நண்பர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு இது கசக்கும் என்பது தெரியும். 1987 அக்டோபர் 21-இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. மாமாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சோதனைச்சாவடியில் ஒரு கிழவி அவரிடம், "தம்பி, நீரும் தமிழோ?" என்று கேட்டதையும், ஆமாம் என்று சொல்ல வாய் வராமல் இந்தியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டதையும் சொன்னார். காலைப் பற்றிப் பேசும்போது இல்லாத நடுக்கம் அப்போது அவர் குரலில் இருந்தது. அந்தக் கிழவியின் வீட்டில் யாருக்காவது சில்லு பட்டிருந்தால் மனு போட அவர்களுக்கு ஓர் அலுவலகம்கூடக் கிடையாது. அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அந்தப் போரை அனுப்பியவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள், உரை நிகழ்த்தினார்கள், புத்தகம் எழுதினார்கள். போன 22 வயதுப் பையனின் காலை, பி.டி.யில் விழுந்த கால் என்று எழுதி மூடினால் அந்தப் போரே நடக்கவில்லை என்று ஒரு வரி கூடுதலாக எழுதினதாகிறது. யாழ்ப்பாணத்தில் காயம் பட்டது என்று எழுதட்டும். யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்ற கேள்வியும் கூடவே வரட்டும்.

போரில் முன்பக்கம் பட்ட காயத்தை விழுப்புண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நிறைய. எங்கள் பள்ளியிலும் ஒரு தமிழய்யா இருந்தார். ஒரு கொடியேற்ற நாளில், சில்லு பின்னங்காலில் பட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, "அது புறப்புண் அல்லவா?" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் புறப்புண் என்றால் என்ன என்று கேட்டார். புறமுதுகு காட்டி ஓடும்போது பின்பக்கம் படுகிற புண் என்று சொன்னேன். கண்ணிவெடிக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். பழைய பட்டாளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் போன மாதம்தான் கிடைத்தார். போனில் இருவரும் முதல் பத்து நிமிடம் இந்தியிலும், பிறகு அவரவர் பாஷையிலும் பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அவர் நடந்ததை எல்லாம் முத்திரைத் தாளில் தன் கைப்படவே மலையாளத்தில் எழுதி, நோட்டரி கையெழுத்தோடு தபாலில் அனுப்பியிருக்கிறார். மூன்று பக்கம். நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து. எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்துக்குப் பிடிபடவில்லை. ஊரில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளி சேட்டன் முதல் பக்கத்தைப் படித்துச் சொன்னார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மேற்கொண்டு படிக்கவில்லை.

இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மனுவோடு சேர்க்க வேண்டும். கையெழுத்து மலையாளம் நன்றாகப் படிக்கவும் ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கூலி கொடுத்துவிடுவோம். மாமா மறக்காமல் எழுதச் சொன்னது இது: மூன்று பக்கத்தில் ஒரு வரியும் விட்டுப்போகக் கூடாது, அவரைப் பற்றித் தவறாக ஏதாவது எழுதியிருந்தாலும் அதையும் அப்படியே போட வேண்டும்.