பாலத்தில் நின்று ஊதிய சோனி ராலின்ஸ்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் என்றாலே எல்லோரும் அவர் பாலத்தில் நின்று சாதகம் செய்த கதையைத்தான் எடுப்பார்கள். நானும் அதற்குத்தான் வருகிறேன், ஆனால் அதற்கு முன் 1956இல் பதிவான 'செயின்ட் தாமஸ்' பாட்டை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருடைய பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து நியூயார்க் வந்தவர்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த பிள்ளை, அம்மா பாடிக் கேட்ட கலிப்சோ மெட்டு அது, கரீபியன் நாட்டுப்புறப் பாட்டு வகை. மெட்டு முடிந்து தனி வாசிப்பு தொடங்கும்போது இரண்டே சுரங்கள்தான். அதையே தள்ளி வைத்து, தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, நடுவில் தயங்காமல் இடைவெளி விட்டு, மறுபடி பிடித்து, ஒரு முழு வாசிப்பையே அதிலிருந்து கட்டிவிடுகிறார். வேகம் காட்டி மிரட்டுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, இது வேறு. தடித்த, கொஞ்சம் கரகரப்பான குரலில் ஒரு மனிதர் யோசித்து யோசித்துப் பேசுவது போல இருக்கும். அடுத்த ஆண்டே பியானோவை ஒதுக்கிவிட்டு, பாஸும் டிரம்ஸும் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தார். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வாசிப்பு.

இப்படி வாசித்தவர்தான் 1959இல், 30 வயதுகூட ஆகாதபோது, தன் வாசிப்பு போதாது என்று மேடையை விட்டு இறங்கினார். அதற்குச் சில வருடங்கள் முன்புதான் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு வந்திருந்தார், இப்போது ஊரே புகழ்கிறது, சரி, யாராவது அந்த நேரத்தில் நிறுத்துவார்களா? வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதைக்குப் போனார். கீழே ஈஸ்ட் ரிவர் ஆறு, பக்கத்திலேயே ரயில். மழை, பனி எதுவும் பார்க்காமல் சில நாள் 15, 16 மணி நேரம். அசுர சாதகம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

1962இல் திரும்பி வந்து 'தி பிரிட்ஜ்' இசைத்தட்டை வெளியிட்டபோது பலருக்கு ஏமாற்றம். அந்த இடைவெளியில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் ஜாஸையே தலைகீழாக்கியிருந்தார், இவரும் புரட்சியோடு இறங்குவார் என்று காத்திருந்தார்கள். வந்ததோ ஜிம் ஹாலின் அமைதியான கிட்டாரும் பழைய மெட்டுகளும். அந்த ஏமாற்றத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர் பாலத்துக்குப் போனது புதுப்பாணி தேடி அல்ல. தன் காதுக்குக் கேட்ட குறைகளைச் சரிசெய்யப் போனார். அந்தத் தட்டில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நிதானமாக, உறுதியாக வந்து உட்காருகிறது என்று கேளுங்கள்.

அப்புறம் ஐம்பது வருடம் வாசித்தார். 2012க்குப் பிறகு நுரையீரல் நோய் அவரை மேடை ஏறவிடவில்லை. ஆற்றுக்காற்றுக்கு எதிரே நின்று ஊதிய மூச்சு அது. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.