இது 'ப'வா, 'ய'வா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் சினிமா போஸ்டரைப் பார்த்து அம்மா கேட்டார்: "இது 'ப'வா, 'ய'வா?" எனக்கும் தெரியவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கே புரியாத எழுத்து யாருக்காக? புள்ளிக்குப் பதில் தோட்டா, கொம்புக்குப் பதில் கத்தி, மேலே ரத்தத் தெறிப்பு. எல்லாப் படத்துக்கும் இதேதானா? அப்புறம் ஆங்கிலத் தலைப்பு யானை மாதிரி, தமிழ் ஓரத்தில் எறும்பு மாதிரி!

அந்தக் காலத்தில் ஓவியர்கள் தூரிகையால் எழுதிய தலைப்பை எதிர்ச் சாலையிலிருந்தே படிக்கலாம். புராணப் படத்துக்குக் கனத்த எழுத்து, காதல் படத்துக்குக் கொடி மாதிரி நெளிவு. எழுத்தே கதை சொல்லும். 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குத் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கே கொடுத்தார்கள். பெயர் தமிழாக இருந்து என்ன, எழுத்தைச் சிதைத்துவிட்டால்? எந்தப் போஸ்டரைக் காட்டி என் பிள்ளைக்கு 'ழ' சொல்லிக்கொடுப்பேன்?