ஹண்டிங் பூட்டும் ஐப்பசிச் சேறும்

'வாட்டர் புரூஃப் ஹண்டிங் பூட்' என்று ஆன்லைனில் ஏழெட்டாயிரம் ரூபாய்க்கு விற்பதை சம்பா நடவுக்கு முன்னால் வாங்கிவிட்டு, கார்த்திகைக்குள் "உள்ளே சொதசொதன்னு ஆயிடுச்சு" என்று புலம்புகிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். பூட்டைத் திட்டுவதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அது எந்த ஊர்க் குளிருக்குத் தைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

வேட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் டெல்டாவில் வேட்டை என்று மிஞ்சியது தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் பொறி வைத்து எலி பிடிப்பதுதான். அந்தியில் கிட்டி வைக்கப் போகிறவர் வெறுங்காலோடுதான் இறங்குகிறார். பூட் வாங்குவது ராத்திரி மடை பார்க்கவும் போர்செட் சுவிட்ச் போடவும் போகிறவர்கள், வடுவூருக்கும் கோடியக்கரைக்கும் பறவை பார்க்கப் போகிறவர்கள். விரியனுக்குப் பயந்து வாங்கினால் அது சரியான காரணம். கால் நனையாது என்று நம்பி வாங்குவதில்தான் ஏமாற்றம்.

இந்த வகைப் பூட்டுக்கு முன்னோடி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் என்பவர் 1912 வாக்கில் விற்றது: பாதம் வரை ரப்பர், மேலே தோல். முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்துவிட்டது. ரப்பரும் தோலும் சேரும் தையல் விட்டுப்போனதுதான் காரணம். மனிதர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பூட்டைத் திருத்தினார். நூறு வருஷம் கழித்தும் தோல் பூட்டில் தண்ணி முதலில் தேடுவது தையலைத்தான். அடுத்து, விரல் மடங்கும் இடத்தில் விழும் சுருக்கம். மூன்றாவது நாக்கு, அதாவது கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கும் பட்டை. அது இருபக்கமும் எந்த உயரம் வரை சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் பூட்டின் நிஜ உயரம். பத்து அங்குல பூட்டில் நாக்குத் தையல் ஆறு அங்குலத்தில் நின்றால், ஏழு அங்குலத் தண்ணியில் அது செருப்புதான்.

இப்போது வருபவற்றில் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், காலுறை வடிவத்தில். தண்ணித் துளியை விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும் என்பார்கள். பொய்யில்லை, ஆனால் ஆவியைத் தள்ள உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் வேண்டும். 34 டிகிரி பாதத்தை ஒட்டிய ஈரக்காற்றில் நீராவி அழுத்தம் ஏறக்குறைய 40 மி.மீ. பாதரசம். வெளியே 5 டிகிரி என்றால் அங்கே ஆறேழுதான் இருக்கும், ஆவி ஓடிவிடும். நம்மூரில் 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்றால் வெளியிலேயே 27. தள்ளும் வேகம் பாதிக்கும் கீழே. அதன்மேல் களிமண்ணை அரை அங்குலம் பூசிவிட்டால் அதுவும் நின்றுபோகும். இந்த லட்சணத்தில் குளிருக்கென்று உள்ளே பஞ்சு மெத்தை வேறு. ஒரு பாதத்தில் லட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பி. இரண்டு மணி நேரத்தில் காலுறையைப் பிழியலாம். பூட் ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது இந்த வியர்வையைத்தான்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காய்ந்த பூட்டில் செய்தித்தாளைத் திணித்து, நாக்குத் தையலுக்கு ஒரு அங்குலம் கீழே வரை பக்கெட் தண்ணியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தாள் காய்ந்திருந்தால் குற்றவாளி வியர்வை. கம்பூட் (முழுக்க ரப்பர் அல்லது பி.வி.சி.யால் ஆன பூட்) என்றால் வாயை இறுக்கிப் பிடித்துத் தண்ணிக்குள் அமுக்கினால், பஞ்சர் கடையில் சைக்கிள் டியூப்புக்குப் பார்ப்பதுபோல் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுப் போடுவதில் ஒரு எச்சரிக்கை: சைக்கிள் சொல்யூஷன் ரப்பர் பூட்டில் பிடிக்கும், பி.வி.சி. பூட்டில் பிடிக்காது. பைப்புக்குப் போடும் பசையோ காய்ந்தால் விறைத்துப்போய் நாலு நடையில் வெடிக்கும்.

வரப்பு, வாய்க்கால் வேலைக்கு ஐந்நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் முட்டி உயர பி.வி.சி. கம்பூட்டே மேல். தையல் இல்லாமல் ஒரே வார்ப்பு. அதற்கும் வியர்வை உண்டு, ஆனால் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். நாள்பட நாள்பட விறைத்து, விரல் மடிப்பில் வெடிக்கும். வெயிலில் போட்டால் சீக்கிரமே. சவ்வு பூட் ஐப்பசி ஈரத்தில் ஒரு ராத்திரியில் காயவே காயாது.

உழுது கலக்கிய சேற்றில் மட்டும் எந்தப் பூட்டும் வேண்டாம். களிமண் அடியைக் கவ்விக்கொள்ளும், காலைத் தூக்கினால் குதிகால் கழன்று வரும், தண்ணி மேல்வாய் வழியே இறங்கும். இறங்கினது வெளியே போகாது. ஜப்பானில் நடவுக்கென்றே கெண்டைக்காலோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் பூட் இருக்கிறது, கட்டுப் பட்டையோடு. நம் கடைகளில் அதைத் தேடினால் சிரிப்பார்கள்.

பூட்டுக்குள் தண்ணி நிற்பது வெறுங்காலைவிட மோசம். மணிக்கணக்கில் ஊறிய தோல் வெளுத்து, விரலிடுக்கு வெடித்து, சேற்றுப்புண்ணில் கொண்டுபோய் விடும். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணியில் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே நுழையவும் இப்படி வெடித்த தோல் வழி கொடுக்கும். அதனால் மத்தியானம் ஒருதரம் பூட்டைக் கழற்றி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, காலுறையை மாற்றுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைலான் கலந்தது தேவலை. முடிந்தால் கம்பூட் இரண்டு ஜோடி, ஒன்று விட்டு ஒரு நாள். காயவைப்பது நிழலில், குச்சி நட்டுக் கவிழ்த்து. காலையில் மாட்டுவதற்கு முன் தலைகீழாகப் பிடித்து ரெண்டு தட்டு தட்டிவிடுங்கள், தேளும் பூரானும் ஒளிய இடம் தேடித்தான் வரும்.