லெ டிசியே தவறவிட்ட ஒரே பெனால்டி

'இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கால்பந்து அணி வீரர் மாட் லெ டிசியே தம் வாழ்நாளில் ஒரு பெனால்டியைக்கூடத் தவறவிட்டதில்லை' என்னும் செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது சரியன்று. அந்த அணிக்காக அவர் அடித்த 48 பெனால்டிகளில் 47 கோலாயின. 1993 மார்ச் 24 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியின் கோல்காப்பாளர் மார்க் கிராஸ்லி ஒன்றைத் தடுத்துவிட்டார். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் மட்டும் கணக்கிட்டால் 26-இல் 25. லீக்கின் பதிவுகளில் இதைச் சரிபார்க்கலாம். தவறான செய்தியை மேலும் பகிராதீர்கள். கிராஸ்லியின் அருமையான தடுப்பை அது இல்லாமலே ஆக்கிவிடுகிறது.

பெரிய கோப்பை எதையும் வெல்லாத இவரை ரசிகர்கள் 'லெ காட்' (கடவுள்) என்று கொண்டாடுவதற்குப் பெனால்டிக் கணக்கு மட்டுமே காரணமன்று. பெரிய அணிகள் அழைத்தபோதும் அவர் 1986 முதல் 2002 வரை சவுத்தாம்ப்டனிலேயே ஆடினார். 2001 மே 19 அன்று, சவுத்தாம்ப்டனின் சொந்த மைதானமாக இருந்த தி டெல்லின் கடைசி லீக் ஆட்டத்தில், ஆர்சனலுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய அவர், 89-ஆம் நிமிடத்தில், தமக்கு முன் எழும்பிய பந்தைச் சட்டெனத் திரும்பி இடக்காலால் வலைக்குள் அனுப்பினார். சவுத்தாம்ப்டன் 3-2 என வென்றது. அந்த மைதானத்தின் கடைசி லீக் கோல் அவருடையதாயிற்று.